7ஆம் வகுப்பு கட்டுரை நோட்டு: எதைத் திருத்துவது, எதை விடுவது, மதிப்பெண் எப்படிப் போடுவது?

#1 – பச்சைமை

அரசு உயர்நிலைப் பள்ளி, 7ஆம் வகுப்பு, ஒரு பிரிவில் 42 பேர், இப்படி மூன்று பிரிவுகள். ஒரு கட்டுரையை வரிக்கு வரி படித்துப் பிழை எல்லாவற்றையும் சுழித்து, சரியான வடிவத்தை மேலே எழுதினால் ஒரு நோட்டுக்கு 5 நிமிடம் ஆகிறது. ஒரு பிரிவுக்கு 210 நிமிடம், மூன்றுக்கும் பத்தரை மணி நேரம். அடுத்த கட்டுரையிலும் அதே பையன் அதே பிழையைச் செய்கிறான். கேள்விகள் மூன்று:

எல்லாப் பிழையையும் திருத்தத்தான் வேண்டுமா? பருவத்தின் நடுவே வகுப்பிலேயே போடுகிற வளரறி மதிப்பீட்டில் கட்டுரைக்கு 10 மதிப்பெண்ணை எந்தக் கணக்கில் பிரிக்கிறீர்கள்? நோட்ஸ் பார்த்து எழுதுவதை எப்படி நிறுத்துவது?

"மாணவர்களை ஊக்குவியுங்கள்" என்பது போன்ற பதில்கள் வேண்டாம், தயவுசெய்து. செய்முறையாகச் சொல்லுங்கள்.

#2 – சுண்ணக்கட்டி

முதல் கேள்விக்கு மட்டும். ஒரு மாதிரிப் பத்தி தருகிறேன். 7ஆம் வகுப்பில் வழக்கமாக வரும் பிழைகளை வைத்து நானே கட்டியது. தலைப்பு: எங்கள் ஊர்ச் சந்தை.

"எங்கள் ஊரில் செவ்வாய் கிழமை சந்தை நடக்கும். சந்தையில் நெறைய கடைகள் இருக்கும். மிளகாய் நெடி மூக்குல ஏரும். அம்மா பேரம் பேசுனாங்க. கடைக்காரர் சிரித்தார்."

ஐந்து வாக்கியம், ஐந்து பிழை. ஆனால் ஐந்தும் ஒரே சாதி இல்லை. "நெறைய", "மூக்குல", "பேசுனாங்க" மூன்றும் பேச்சுவழக்கு. பிள்ளை தான் பேசுகிற மொழியைப் பிழையில்லாமல்தான் எழுதியிருக்கிறது, எழுத்து வழக்கு இன்னும் கைவரவில்லை, அவ்வளவுதான். "ஏரும்" என்பது ர/ற குழப்பம். "செவ்வாய் கிழமை" ஒற்றுப் பிழை, நடுவில் "க்" விடுபட்டிருக்கிறது. மூன்று நோய்க்கு மூன்று மருந்து. நாமோ ஐந்தையும் ஒரே சிவப்பு மையால் சுழிக்கிறோம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். பத்தியிலேயே நல்ல வாக்கியம் எது? "மிளகாய் நெடி மூக்குல ஏரும்." சந்தைக்குப் போன பிள்ளையால் மட்டுமே எழுத முடிகிற வரி அது ஒன்றுதான். அதில்தான் இரண்டு சுழி விழுகிறது. "சந்தையில் பல பொருள்கள் விற்கப்படும்" என்று எழுதுகிறவனுக்கு ஒரு சுழியும் இல்லை. அடுத்த கட்டுரையில் அந்தப் பிள்ளையும் அப்படியே எழுதும்.

#3 – நாலுகோடு

சுண்ணக்கட்டி சார் சொன்னதோடு முழுக்க உடன்பாடு. நடைமுறைக்கு வருவோம். ஒரு கட்டுரைக்கு மூன்று பாடவேளை ஒதுக்குங்கள், ஒரே வாரத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் பாடவேளையில் எழுத்தே கிடையாது. தலைப்பைச் சொல்லி, "அங்கே என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், என்ன வாசம் வந்தது, யார் என்ன சொன்னார்" என்று கேட்டு, வருகிற சொற்களை அப்படியே கரும்பலகையில் போடுங்கள். "நெறைய" என்று வந்தால் "நிறைய" என்று எழுதிவிட்டு நகருங்கள், விளக்கம் வேண்டாம். 30 சொல் சேர்ந்தால் போதும்.

இரண்டாவது பாடவேளையில் முதல் படி, அதாவது முதல் வரைவு. 25 நிமிடம். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுத வேண்டும், வலப்பக்க ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட வேண்டும். இதை முதல் நாளே கண்டிப்பாகப் பழக்கிவிடுங்கள், விடுபட்ட வரி இல்லாமல் திருத்தி எழுத இடமே இருக்காது. ரப்பர் கூடாது, அடித்துவிட்டு மேலே எழுதலாம். ரப்பர் கிடைத்தால் முதல் வாக்கியத்தையே பத்து நிமிடம் அழித்து அழித்து எழுதுகிற பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருப்பார்கள்.

மூன்றாவதில் இருவர் இருவராக உட்கார்ந்து, எழுதியவரே தன் கட்டுரையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்கிறவருக்கு வேலை ஒன்றுதான்: புரியாத இடத்தில் "எப்படி?" என்று கேட்பது. பிழை திருத்துவது அவர் வேலை இல்லை. இந்த இடத்தில்தான் பல வகுப்புகளில் கெட்டுப்போகிறது. நோட்டை மாற்றிக் கொடுத்து "பிழை கண்டுபிடி" என்றால் "பள்ளி"யைப் "பல்லி" ஆக்கிவிட்டுப் பெருமையாக நீட்டுவார்கள். பிறகு இரண்டாம் படி. கட்டுரை முழுவதையும் திரும்ப எழுத வைக்காதீர்கள், நகலெடுக்கிற வேலையாகிவிடும். எந்தப் பத்தியில் "எப்படி?" என்ற கேள்வி வந்ததோ அந்தப் பத்தியை மட்டும் எழுதினால் போதும்.

மதிப்பெண் இரண்டாம் படிக்குத்தான். முதல் படியில் எண்ணே போடாதீர்கள்.

#4 – வாகைமரம்

கடைசி வரிக்கு ஆதாரம் உண்டு. 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்த ஆய்வில் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒன்றுக்குக் குறிப்பு மட்டும், ஒன்றுக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும். எண்ணைப் பார்ப்பார்கள், பக்கத்துப் பையனின் எண்ணைப் பார்ப்பார்கள், நோட்டை மூடுவார்கள்.

#5 – தெற்குவீதி

எல்லாம் சரி, பார்வைக்கு வருகிற அலுவலர் நோட்டைப் புரட்டி "சிவப்பு மையே இல்லையே, திருத்தவில்லையா?" என்பார். அதற்கு என்ன வழி?

#6 – நாலுகோடு

குறியீட்டு முறை. நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சிறு தாளை ஒட்டிவிடுங்கள்:

எ – எழுத்துப்பிழை
ஒ – ஒற்று
பே – பேச்சுவழக்கு
கா – காலம் மாறியது
இ – எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபு இல்லை (மாடுகள் மேய்ந்தது)

திருத்தும்போது பிழையைச் சுழிக்காமல் அந்த வரிக்கு நேராக ஓரத்தில் குறியை மட்டும் போடுங்கள். பிழை எங்கே என்று தேடுவது பிள்ளையின் வேலை. தேடித் திருத்தியதும் குறிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட வேண்டும். கீழே தேதி, கையொப்பம். பார்வைக்கு வருகிறவர் முதல் பக்கத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். சிவப்பு மையும் இருக்கும்.

எச்சரிக்கை: ஒரு கட்டுரையில் இரண்டு குறிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். ஜூன், ஜூலையில் "பே", "இ" மட்டும். ஆகஸ்டில் "எ". ஒற்று கடைசியாக. ஐந்தையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால் ஓரம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், பிள்ளை ஒன்றையும் தேடாது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு "பே" என்ற குறி பொருந்தாத இடங்கள் வரும். அவர்களுக்குச் சரியான வடிவத்தை நாமே எழுதிக் கொடுப்பதுதான் நியாயம், காதில் இல்லாததைத் தேடச் சொல்ல முடியாது.

#7 – செம்பருத்தி78

இரண்டு பிழையை மட்டும் திருத்தி மற்றதை விட்டால் பிள்ளை தவறையே சரி என்று நினைத்துக்கொள்ளாதா? தமிழாசிரியர் கண்ணில் பட்ட பிழையைக் கண்டும் காணாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை. பெற்றோரும் கேட்பார்கள்.

#8 – சுண்ணக்கட்டி

நியாயமான கவலைதான் டீச்சர். ஆனால் விடுவது என்றால் மறைப்பது இல்லை. "இந்தக் கட்டுரையில் பேச்சுவழக்கும் இயைபும் மட்டுமே பார்க்கப்பட்டன" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து பக்கத்தின் அடியில் குத்திவிடலாம். பெற்றோருக்கும் அது தெளிவு.

#9 – வாகைமரம்

1996இல் ஜான் டிரஸ்காட் என்பவர் இலக்கணத் திருத்தமே வீண், கைவிடுங்கள் என்று எழுதினார். டானா ஃபெரிஸ் 1999இல் மறுத்து எழுத, சண்டை வெகுநாள் ஓடியது. அவர்கள் பேசியது இரண்டாம் மொழி வகுப்பைப் பற்றி, அதை அப்படியே தூக்கி நம் தமிழ் வகுப்பில் வைக்க முடியாது. குறிப்பிட்ட சில பிழைகளைத் தேர்ந்து, திருத்தி எழுதவும் வைத்தால் பலன் உண்டு என்கிற ஃபெரிஸ் பக்கம்தான் நான்.

#10 – கொப்பிக்கட்டு (யாழ்ப்பாணம்)

எழுத்துப்பிழையைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். எந்த எழுத்தில பிள்ளை பிழைவிடும் எண்டது ஊரைப் பொறுத்தது. எங்கட பக்கம் ல/ள பேச்சிலேயே பிரிஞ்சு கேட்கும், ழ தான் ள ஆகிப் போகும். உங்கட தென்மாவட்டங்களிலயும் "வாளப்பளம்"தானே. ஆனபடியால் சொல்வதெழுதலுக்குப் புத்தகத்தின்ர பின்பக்கச் சொற்பட்டியலை எடுக்காமல், பிள்ளைகளின்ர கட்டுரைக் கொப்பியில வந்த பிழைகளிலிருந்து கிழமைக்குப் பத்துச் சொல் எடுங்கோ.

காதால பிரிக்க முடியாத ர/ற வுக்குக் கண்ணால பிடிக்கிற விதிதான் வழி. ற் வந்தால் அதுக்குப் பிறகு இன்னொரு மெய் வராது: முயற்சி, பயிற்சி. ர் வந்தால் பிறகு வல்லினம் இரட்டிக்கலாம்: வளர்ச்சி, உணர்ச்சி. இதைச் சொல்லிக் குடுத்தாலே "முயற்ச்சி" போயிடும். ந, ண, ன வுக்கும் அப்படித்தான்: த வுக்கு முன்னால ந், ட வுக்கு முன்னால ண், ற வுக்கு முன்னால ன். பந்து, பண்டம், பன்றி.

#11 – பச்சைமை

இது உடனே பயன்படும், நன்றி. ஒற்றுக்கும் இப்படி ஏதாவது சுருக்கு உண்டா? வல்லினம் மிகும் இடங்கள் பாடத்தை நடத்திய அடுத்த வாரம் "வந்துப் போனான்", "படித்தப் புத்தகம்" என்று எழுதுகிறார்கள். முன்பு இந்தப் பிழை இல்லவே இல்லை!

#12 – சுண்ணக்கட்டி

அது நாம் கொடுத்த பிழை. மிகும் இடத்தை மட்டும் நடத்திவிட்டு, மிகா இடத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் எல்லா இடத்திலும் ஒற்றைப் போட்டுத் தாளிப்பார்கள். இரண்டையும் ஜோடியாகவே கொடுங்கள். 7ஆம் வகுப்புக்கு இவ்வளவு போதும்:

அந்தப் பையன் – ஆனால் அது பெரிது
படித்துப் பார்த்தான் – ஆனால் வந்து பார்த்தான், செய்து பார்த்தான்
ஓடிப் போனான் – ஆனால் ஓடிய பையன்
அம்மாவைப் பார்த்தேன், கடைக்குப் போனேன் – ஆனால் அம்மாவுடன் போனேன்

இரண்டாவது வரிதான் கடினம். "து"வுக்கு முன்னால் த் (படித்து) இருந்தால் மிகும், ந் (வந்து) அல்லது ய் (செய்து) இருந்தால் மிகாது என்று சொன்னால் போதும். வன்தொடர், மென்தொடர் என்ற பெயர்கள் 9ஆம் வகுப்பில் வரட்டும். பிறகு வாய்விட்டுப் படிக்க வையுங்கள். "அந்தப் பையன்" என்பதில் உதடு அழுந்துவதைப் பிள்ளையே உணரும்.

#13 – மீன்கொடி

வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்பதையும் சொல்லிவிடுங்கள் சார் 😀

#14 – நாலுகோடு

வேண்டாம் ஐயா, அதற்கு 14 பக்க இழை ஏற்கெனவே ஓடுகிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

பச்சைமை டீச்சரின் இரண்டாம் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் 10ஐ இப்படிப் பிரிப்பேன்: விவரம் 4, ஒழுங்கு 2, வாக்கியம் 2, அந்த மாதம் எடுத்துக்கொண்ட பிழை 2.

விவரத்துக்கு 4 என்பதை எண்ணிப் போடலாம். நேரில் பார்த்தால்தான் எழுத முடியும் என்கிற விவரம் மூன்று இருந்தால் 4, இரண்டு இருந்தால் 3, ஒன்று இருந்தால் 2. தலைப்பை விட்டு விலகாமல் பொதுவாக எழுதியிருந்தால் 1. சந்தைப் பத்தியில் மிளகாய் நெடி ஒன்று, பேரமும் கடைக்காரர் சிரிப்பும் சேர்ந்து ஒன்று. ஆக 3. பிழைக்கான 2 மதிப்பெண்ணை இரண்டாம் படியில் டிக் போட்டுத் திருத்தியிருக்கிறானா என்று பார்த்துப் போட வேண்டும். முதல் படியில் எத்தனை பிழை இருந்தாலும் அது கணக்கில் வராது.

நேரக் கணக்கு: ஒவ்வொரு கட்டுரைக்கும் 14 பேருடைய நோட்டில் மட்டும் குறிப்பு எழுதுங்கள், ஆளுக்கு 4 நிமிடம், 56 நிமிடம். மற்ற 28 பேருக்குக் குறியும் மதிப்பெண்ணும் மட்டும், ஆளுக்கு ஒரு நிமிடம். மொத்தம் 84 நிமிடம். மூன்று கட்டுரையில் 42 பேருக்கும் சுற்று வந்துவிடும். குறிப்பு என்றால் "நன்று", "இன்னும் முயல்க" இல்லை. "பேரம் பேசினார் என்கிறாய். எவ்வளவு கேட்டார், எவ்வளவுக்கு முடிந்தது?" இதுதான் குறிப்பு.

#15 – செம்பருத்தி78

கையெழுத்துக்கு ஒன்றுமே இல்லையா?

#16 – நாலுகோடு

இல்லை. படிக்க முடிந்தால் போதும். நீங்கள் ஒதுக்காவிட்டாலும் அழகான கையெழுத்து தானாகவே அரை மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதற்குத் தனியாக வேறு கொடுக்க வேண்டுமா?

#17 – வாகைமரம்

இது சின்ன விஷயம் இல்லை. 1912இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை 142 ஆசிரியர்களுக்குத் திருத்தக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 64 முதல் 98 வரை வந்தது. மூன்று பிரிவுக்கு மூன்று ஆசிரியர் இருக்கிற பள்ளியில் இது நடக்காது என்று நினைக்காதீர்கள். பருவத் தொடக்கத்தில் ஐந்து கட்டுரைகளை எடுத்து, பெயரை மறைத்து நகலெடுத்து, மூவரும் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள். இரண்டுக்கு மேல் வித்தியாசம் வருகிற தாளை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். பேசி முடித்த ஐந்து தாளும் ஆண்டு முழுக்க உங்கள் அளவுகோல். சந்தேகம் வருகிற கட்டுரையை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்து, எதைவிட மேல், எதைவிடக் கீழ் என்று பாருங்கள். தனியாக ஒரு தாளுக்கு எண் போடுவதைவிட இரண்டில் எது மேல் என்று சொல்வது மனிதருக்கு எளிது.

நோட்டுக் கட்டைக் கலைத்து அடுக்கிவிட்டுத் திருத்தத் தொடங்குவதும் நல்லது. மூன்று மோசமான நோட்டுக்குப் பிறகு வருகிற சுமாரான நோட்டு காவியமாகத் தெரியும்.

#18 – தெற்குவீதி

10ஆம் வகுப்பு எடுக்கிறவர்கள் வேறு உலகத்தில் இருக்கிறோம். 2019-20இல் பொதுத்தேர்வில் தமிழின் இரண்டு தாள் ஒரே தாளாகி 100 மதிப்பெண்ணுக்குள் எல்லாம் வந்துவிட்டது. 8 மதிப்பெண் வினா மூன்று, அதில் பொதுக்கட்டுரையும் ஒன்று. திருத்தும் மையத்தில் குறிப்புச்சட்டமும் (தொடக்கத்தில் எழுதும் உட்தலைப்புப் பட்டியல்) உட்தலைப்பும் பளிச்சென்று தெரிந்தால்தான் கண் நிற்கும். "விவரம் 4" என்று பழக்கிவிட்டு அங்கே அனுப்பினால் பிள்ளைக்கு நஷ்டம்.

#19 – சுண்ணக்கட்டி

இரண்டும் மோதவில்லை சார். முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்பது சட்டம். சட்டத்தை 9ஆம் வகுப்பின் பிற்பாதியில் ஆறு வாரத்தில் பழக்கிவிடலாம். உள்ளே வைக்கப் பொருள் இல்லாதவனுக்குத்தான் சட்டம் மட்டும் நிற்கிறது. உட்தலைப்பு ஒவ்வொன்றின் கீழும் ஒரே கருத்தை நான்கு விதமாகச் சுற்றி எழுதியிருப்பான்.

5 மதிப்பெண் பகுதியில் விடுகிற மதிப்பெண்தான் எனக்குப் பெரிய வருத்தம். கடிதத்தில் இடம், நாள், உறைமேல் முகவரி இந்த மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். "அனுப்புனர்" என்றும் "பெருநர்" என்றும் எழுதுகிறார்கள். அனுப்புநர், பெறுநர் என்பதை வகுப்பறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். காட்சியைக் கண்டு எழுதுவதில், படத்தில் இல்லாததை எழுதுகிறார்கள். மரம் இருக்கிற படம் என்றால் "மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்" என்ற மனப்பாடம் கொட்டும். விவரம் எண்ணிப் பழகியவன் அங்கே ஜெயிப்பான்.

#20 – பச்சைமை

மூன்றாவது கேள்வி பாக்கி. நோட்ஸ்.

#21 – நாலுகோடு

நோட்ஸில் விடை கிடைக்கிற தலைப்பைக் கொடுத்துவிட்டு நோட்ஸைப் பார்க்காதே என்றால் எப்படி? தலைப்பை மாற்றுங்கள். "நீர் மேலாண்மை" வேண்டாம். "உங்கள் தெருக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது? யார் குடம் முதலில்? சண்டை வந்தால் யார் தீர்த்துவைக்கிறார்?" என்று கேளுங்கள். "நூலகத்தின் பயன்கள்" வேண்டாம். "பள்ளிக்கு வருகிற தேன்சிட்டு இதழில் உனக்குப் பிடிக்காத பக்கம் எது, ஏன்?" ஒவ்வொரு தலைப்பிலும் ஓர் ஆள், ஓர் இடம், ஓர் எண் கட்டாயம் வர வேண்டும் என்று விதி வையுங்கள். எந்த நோட்ஸிலும் உங்கள் ஊர்க் குழாய் திறக்கிற மணி இருக்காது.

கட்டுரையை வீட்டுப்பாடமாகக் கொடுக்கவே கூடாது. முதல் படி வகுப்பிலேயே, உங்கள் கண் முன்னால்.

#22 – செம்பருத்தி78

எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராத ஐந்தாறு பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்களே. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது தொடக்க வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (கீழ்நிலை), மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். 7ஆம் வகுப்பில் அரும்பு நிலையில் இருப்பவரை என்ன செய்வது? பார்த்து எழுது என்று உட்கார வைப்பதுதான் நடக்கிறது.

#23 – கொப்பிக்கட்டு (யாழ்ப்பாணம்)

பார்த்தெழுத விடாதேங்கோ ரீச்சர், கை மட்டும்தான் ஓடும். பிள்ளையைச் சொல்லச் சொல்லி, அது சொன்ன மூண்டு வசனத்தை நீங்கள் எழுதுங்கோ. அடுத்த நாள் அதே மூண்டை அது வாசிக்கட்டும். தன்ர வசனம் எண்டபடியால் அரைவாசியை நினைவில வாசிச்சிடும், மற்ற அரைவாசிக்கு எழுத்தைப் பார்க்கும். மூண்டாம் நாள் வசனத்தைச் சொல் சொல்லாக வெட்டிக் குடுத்து அடுக்கச் சொல்லுங்கோ. நாலாம் நாள் ஒரு சொல்லை எடுத்துப்போட்டு, அதைத் தானே எழுதச் சொல்லுங்கோ. கிழமைக்கு மூண்டு வசனம் போதும். இந்தப் பிள்ளைக்குத் தவணை முடிவில மற்றவையோட சேர்த்துப் பத்துக்குப் புள்ளி போட்டால் பூச்சியம்தான் வரும். அதுக்குப் போன மாதக் கொப்பியையும் இந்த மாதக் கொப்பியையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ.

#24 – தெற்குவீதி

பதிவேட்டில் எண் ஏற்ற வேண்டுமே. பக்கத்தில் வைத்துப் பார்த்ததை எண்ணாக எப்படி எழுதுவது?

#25 – நாலுகோடு

வளரறியில் எல்லாருக்கும் ஒரே செயல்பாடு கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "தன் சொற்களில் மூன்று வாக்கியம் எழுதுதல்" என்று அந்தப் பிள்ளைக்குத் தனிச் செயல்பாடாகப் பதிவு செய்து, அதற்கான மதிப்பெண்ணை ஏற்றுங்கள். மாதிரித் தாள்களைத் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

#26 – பச்சைமை

சரி. ஜூன் மாதக் குறிகள் "பே", "இ". முதல் தலைப்பு தெருக்குழாய். அளவுகோல் தாள்கள் ஐந்தை மற்ற இரண்டு தமிழாசிரியர்களோடு சேர்ந்து எடுக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: "குழாயடியில் அக்காமார்கள் நின்றது" என்று ஒருவன் எழுதினால் "பே"யா, "இ"யா?

#27 – சுண்ணக்கட்டி

"இ" போடுங்கள். "நின்றார்கள்" வந்துவிட்டால் போதும். "அக்காமார்கள்" இப்போதைக்கு அப்படியே நிற்கட்டும்.